வட்டி என்று எழுதியதற்குள் முதல் எவ்வளவு?

அரசாங்க நிதி பற்றிய பாராளுமன்றக் குழுவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது எங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். சங்கக் கூட்டம் வாசிகசாலை மண்டபத்தில்தான் நடக்கும். 2023 தொடக்கத்தில் அப்படி ஒரு கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஓர் ஆச்சி எல்லாரும் போகும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த வைப்புப் பத்திரத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். பத்து இலட்சம் ரூபா. 2022 தொடக்கத்தில் ஒரு வருட நிலையான வைப்பாகப் போட்டது. வட்டி 7 சதவீதம்.

“ரீச்சர், வட்டி வந்திருக்கு எண்டு எழுதியிருக்கு. அப்ப காசு கூடியிருக்கத்தானே வேணும்? போன வருசம் இந்தக் காசுக்குக் கூரை முழுக்க மாத்தலாம் எண்டு மேசன் சொன்னவன். இப்ப கேட்டால் அரைவாசிக் கூரைக்குக் கொஞ்சம் மேலைதான் வருமாம். என்ரை காசு எங்கை போனது?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த மடலை எழுதுகிறேன். பதில் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் இன்று அச்சிடப்படும் வடிவத்தில் எத்தனை பக்கம் புரட்டினாலும் அது கண்ணில் படாது.

முதலில் ஆச்சியின் கணக்கு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 டிசம்பரில் விலைகள் முந்திய டிசம்பரைவிட 57.2 சதவீதம் உயர்ந்திருந்தன. அப்படியானால் பத்து இலட்சத்துக்கு வாங்கக்கூடியதாக இருந்ததை வாங்க வருட முடிவில் 15 இலட்சத்து 72 ஆயிரம் வேண்டும். ஆச்சியின் கையில் வட்டியோடு சேர்த்து 10 இலட்சத்து 70 ஆயிரம். 5 இலட்சத்து 2 ஆயிரம் குறைகிறது. வாங்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அப்படியிருந்தும் 70 ஆயிரம் வருமானம் வந்ததாகப் பத்திரம் சொல்கிறது.

சரி, போன பங்கு யாரிடம் போனது? வங்கி அந்தக் காசை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. வைப்புகளில் ஒரு பகுதி திறைசேரி உண்டியலாகவும் (அரசாங்கம் குறுங்காலத்துக்கு எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம்) முறியாகவும் (நீண்ட காலக் கடன் பத்திரம்) அரசாங்கத்திடம் போகிறது. 2022 தொடக்கத்தில் ஒரு வருட உண்டியலுக்கு அரசாங்கம் கொடுத்த வட்டி 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆச்சியின் காசு தேய்ந்த அதே வேகத்தில் அரசாங்கத்தின் கடனும் தேய்ந்தது. ஒருவர் பக்கத்தில் நட்டம் என்றால் மற்றவர் பக்கத்தில் இலாபம் எழுதப்பட வேண்டும் என்பது இரட்டைப் பதிவின் முதற் பாடம். அரசாங்கத்தின் கணக்கில் அந்தப் பதிவு எங்குமே இல்லை.

இதை விளங்கப்படுத்த எனக்கு எப்போதும் கைகொடுப்பது விதை வெங்காயம். எங்கள் ஐயா செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்தவர். நடுகைக் காலத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு அந்தர், அதாவது ஐம்பது கிலோ அளவில், விதை வெங்காயம் கேட்டு வருவார். ஐயா கொடுப்பார். அறுவடை முடிந்ததும் ஒரு அந்தரும் மேலே ஒரு கடகமும் திரும்பி வரும். அந்த அந்தர் முதல், கடகம் வட்டி. வெங்காயத்தின் விலை இடையில் ஏறினாலும் இறங்கினாலும் எது முதல், எது வட்டி என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

இதையே காசாகச் செய்து பாருங்கள். அந்தர் 10,000 ரூபா விற்கும்போது 10,000 ரூபா கடன் கொடுக்கிறேன். கடன் திரும்பும் நாளில் அந்தர் 15,000 ரூபா. அவர் எனக்கு 15,500 ரூபா தருகிறார். பத்திரத்தில் எழுதுவது எப்படி? முதல் 10,000, வட்டி 5,500. ஆனால் அந்த 5,500இல் 5,000 என் வெங்காயத்தை எனக்குத் திருப்பித் தந்ததுதான். உண்மையான வட்டி 500 ரூபா. கடன்காரர் தன் செலவுப் புத்தகத்தில் “வட்டி 5,500” என்று எழுதினால் தான் நட்டத்தில் ஓடுவதாக அவருக்கே தோன்றும். உண்மையில் அவர் செய்தது கடனின் முதலைக் கட்டியது. மறுபுறம், அவர் 10,800 மட்டும் தந்தால் எனக்கு வந்து சேர்வது முக்கால் அந்தருக்கும் குறைவு. அப்போதும் என் புத்தகத்தில் 800 ரூபா வருமானம் என்றே எழுதுவேன்.

அரசாங்கத்தின் பற்றாக்குறையை அளப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த வெங்காயக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. கடன் வாங்குவதும் கட்டுவதும் பற்றாக்குறைக் கோட்டுக்குக் கீழே, நிதியிடல் என்ற பகுதியில் நிற்கின்றன. வட்டி கோட்டுக்கு மேலே, செலவாக நிற்கிறது. பணவீக்கம் 4 அல்லது 5 சதவீதம் இருக்கும்வரை இந்தப் பிரிப்பினால் பெரிய வில்லங்கம் இல்லை. பணவீக்கம் 50, 60, 70 என்று போகும்போது முதலின் ஒரு பெரும்பகுதி வட்டி என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு மேலே ஏறி வந்துவிடுகிறது. வட்டி வீதம் விலைகளைத் துரத்திப் பிடிக்காவிட்டால் அதைவிட மோசம். முதல் கரைந்துபோகிறது, கரைந்ததை யாரும் எங்கும் எழுதுவதில்லை.

இது நான் கண்டுபிடித்த ஒன்றல்ல. 1980களில் இலத்தீன் அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பெரிய சண்டையாகவே நடந்தது. பிரேசிலில் அரசாங்கக் கடனின் பெரும்பகுதி விலை உயர்வோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1983இல் அவர்கள் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒரு பற்றாக்குறை இலக்குக்கு உடன்பட்டார்கள். அந்த வருடம் பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது. விலை ஏற ஏறக் கடனுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறி, செலவைக் குறைத்தாலும் இலக்கு தவறிக்கொண்டே போனது. கடைசியில் அந்தச் சேர்ப்பைக் கழித்துவிட்டு மெய் வட்டியை மட்டும் எண்ணும் இன்னோர் அளவையை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அதைத் தொழிற்பாட்டுப் பற்றாக்குறை என்று சொல்லலாம். மெக்சிக்கோவில் 1987இல் வழக்கமான கணக்கில் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 16 சதவீதம் அளவில் நின்றது. பணவீக்கத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தால் சிறியதொரு மிகை வந்தது. ஒரே நாடு, ஒரே வருடம். அளக்கும் விதத்தில் மட்டும்தான் வேறுபாடு.

இப்போது எங்கள் 2022க்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பார்க்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

2021 முடிவில் மத்திய அரசாங்கத்தின் கடன் 17.6 டிரில்லியன் ரூபா. டிரில்லியன் என்றால் ஓர் இலட்சம் கோடி. அதில் உள்நாட்டுக் கடன் 11 டிரில்லியனை ஒட்டி. மீதி ஆறரை டிரில்லியன் வெளிநாட்டுக் கடன். 2022இன் பற்றாக்குறை ஏறத்தாழ இரண்டரை டிரில்லியன், அதாவது உற்பத்தியில் 10.2 சதவீதம். இதுதான் பத்திரிகைகளில் வந்த எண்.

உள்நாட்டுக் கடனான அந்த 11 டிரில்லியனின் பெறுமதி அப்படியே நிற்க வேண்டுமானால், 57.2 சதவீத விலை உயர்வுக்குப் பிறகு அது 17 டிரில்லியனுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அதாவது ஒரே வருடத்தில் 6 டிரில்லியனுக்கு மேற்பட்ட பெறுமதி கடன் கொடுத்தவர்களின் கையிலிருந்து அரசாங்கத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்த வருடத்தில் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்த வட்டியே ஒன்றரை டிரில்லியனைச் சற்றுத் தாண்டியதுதான். உள்நாட்டுக் கடனுக்கு மட்டும் பணவீக்கத்தைச் சரிசெய்தால், இரண்டரை டிரில்லியன் பற்றாக்குறை மூன்றரை டிரில்லியனுக்கு மேற்பட்ட மிகையாக மாறிவிடுகிறது.

இது பயிற்சிக் கொப்பியின் பின் பக்கத்தில் போட்ட கரடுமுரடான கணக்கு. அந்தக் கடனில் ஒரு பங்கு மத்திய வங்கியின் கையிலேயே இருந்தது. அதை அரசாங்கத்தின் ஒரு சட்டைப் பையிலிருந்து மறு பைக்குப் போனதாகத்தான் கொள்ள வேண்டும். விலைகள் வருடம் முழுக்க ஒரே சீராக ஏறவும் இல்லை. இவற்றையெல்லாம் திருத்தினால் எண் குறையும். அளவு பொய்யாகாது. வரவு செலவுத் திட்டத்தின் எந்த வரியையும்விடப் பெரிய ஒரு வசூல் அந்த வருடம் நடந்தது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

எவரிடமிருந்து வசூலானது? தனியார் துறை ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் காசில் மிகப் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில்தான் கிடக்கிறது. 2022க்கு நிதியம் உறுப்பினர்களுக்கு வரவு வைத்த வட்டி 9 சதவீதம். தனியார் நிறுவனத்தில் இருபது வருடம் கணக்கெழுதிய என் மாணவி ஒருத்தி அந்தக் கூற்றைக் கொண்டுவந்து காட்டினாள். மீதி கூடியிருந்தது. அவளுக்கு அது சந்தோசம். அந்த மீதிக்கு இப்போது என்ன வாங்கலாம் என்று அவளோடு இருந்து கணக்குப் பார்த்த அரை மணித்தியாலத்தை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு 2023 யூலையில் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு அனுமதி கொடுத்தது. நிதியத்தின் முறிகள் 2025 வரை 12 சதவீதமும் அதன் பிறகு 9 சதவீதமும் தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. அந்த வேளையில் நடந்த விவாதம் முழுக்க வருங்கால நட்டம் பற்றியது. முந்திய வருடத்தில் ஏற்கெனவே கழிந்துவிட்ட பங்கைப் பற்றிப் பேச எவர் கையிலும் ஒரு எண் இருக்கவில்லை. அளந்திருந்தால் இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் கடனின் கதை நேர் எதிர். 2021 முடிவில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் 2022 முடிவில் 363 ரூபா. விலைகள் 57 சதவீதம் ஏற, டொலர் 80 சதவீதம் ஏறியது. உள்நாட்டுக் கடன் தேய்ந்தது, வெளிநாட்டுக் கடன் தேயாமல் மெய்ப் பெறுமதியிலும் வீங்கியது. ரூபாவில் எழுதினால் 6.5 டிரில்லியன் 12.5 ஆனது. மொத்தக் கடன் 17.6இலிருந்து 27.5 டிரில்லியன். பத்து டிரில்லியன் கூடியிருக்கிறது, பற்றாக்குறையோ இரண்டரை. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் டொலர்க் கடனைத் திறைசேரி ஏற்றுக்கொண்டதும் இதில் அடக்கம். மீதியின் பெரும்பகுதி ரூபா சரிந்ததால் வந்தது. ஒரு மாணவன் வருடத் தொடக்க மீதியும் இறுதி மீதியும் இவ்வளவு தூரம் பொருந்தாத கணக்கோடு வந்து நின்றால், இடைவெளியை விளக்கும் இணக்கக் கூற்றை எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நாட்டின் கணக்குக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

2023இல் பாடம் தலைகீழாக மாறுகிறது. இதைப் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2022 நவம்பரில் ஒரு வருட உண்டியலின் வட்டி 29 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மூன்று மாத உண்டியல் 30ஐத் தாண்டியிருந்தது. அன்றைய பணவீக்கத்தைப் பார்த்தால் அது போதாத வட்டிபோலத் தெரியும். ஆனால் கடன் கொடுத்த நாளுக்கு முன்னே விலை எவ்வளவு ஏறியது என்பது அந்தக் கடனுக்கு வேண்டாத விடயம். கடன் ஓடும் காலத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 2023 நவம்பரில் வருடாந்தப் பணவீக்கம் 3.4 சதவீதம். ஆக, அந்த உண்டியலை வாங்கியவருக்கு மெய்யாகவே 25 சதவீத அளவில் இலாபம். 2022இல் வட்டி என்ற பெயரில் போனதெல்லாம் தேய்ந்த முதலை ஈடுசெய்யவே காணாது. 2023இல் போன வட்டியோ பெரும்பாலும் உண்மையான வட்டி, உண்மையான பாரம். அந்த வருட வட்டிச் செலவு 2.46 டிரில்லியன். அரசாங்கம் வசூலித்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஏறத்தாழ எண்பது ரூபா வட்டிக்கே போனது. உத்தியோகபூர்வ அட்டவணையில் இரண்டு வருடங்களின் வட்டியும் ஒரே பெயரில் அடுத்தடுத்த நிரல்களில் நிற்கின்றன, இரண்டும் ஒரே சாதிப் பொருள் என்பதுபோல.

2022இல் இழந்தவரும் 2023இல் பெற்றவரும் ஒரே ஆட்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காசை நீண்ட காலத்துக்குக் கட்டி வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். 2022 கடைசியில் கையில் காசு வைத்திருந்து உண்டியல் வாங்கத் தெரிந்தவர்கள் பெற்றார்கள். எங்கள் சங்கத்தில் முதல் வகை ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

பிறகு விலைகள் இறங்கவும் செய்தன. 2024 செப்டெம்பரிலிருந்து 2025 யூலை வரை கொழும்புச் சுட்டெண்ணின் வருடாந்த மாற்றம் பூச்சியத்துக்குக் கீழே. 2025 பெப்ரவரியில் கழித்தல் 4.2. உண்டியல் வட்டி 8 சதவீதத்தை ஒட்டி இறங்கியதைப் பார்த்து எல்லாரும் ஆறுதலடைந்தோம். ஆனால் விலைகள் 4 சதவீதம் குறைந்த வருடத்தில் 8 சதவீத வட்டி என்பது மெய்யாக 12 சதவீதப் பாரம். பணவீக்கத்தைச் சரிசெய்த பற்றாக்குறையை வெளியிடுவது அரசாங்கத்தை நல்லவராகக் காட்டும் தந்திரம் என்று யாரும் சந்தேகப்பட்டால், இந்த மாதங்களைக் காட்டுங்கள். இங்கே அதே அளவை அரசாங்கத்தின் நிலையை உத்தியோகபூர்வ எண்ணைவிட மோசமாகக் காட்டும். இரண்டு பக்கமும் வெட்டும் அளவை என்பதால்தான் அதை நம்பலாம்.

சர்வதேச நாணய நிதியத்தின் 2023 மார்ச் திட்டத்திலிருந்து எல்லாரும் ஆரம்ப மீதியைப் பற்றியே கதைக்கிறார்கள். வருமானத்திலிருந்து வட்டி தவிர்ந்த செலவை மட்டும் கழித்துப் பார்க்கும் மீதி அது. 2022இல் உற்பத்தியில் 3.7 சதவீதப் பற்றாக்குறை, 2023இல் 0.6 சதவீத மிகை, 2025 முதல் இலக்கு 2.3 சதவீதம். இந்த அளவை பணவீக்கச் சிக்கலிலிருந்து தப்பிவிட்டது என்று என்னிடம் படித்து இப்போது வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி வாதாடினார். பாதி சரி. வட்டியை முழுதாக வெளியே எடுத்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் முதலும் வெளியே போய்விடுகிறது. ஆனால் 2023இல் நாங்கள் சுமந்த மெய் வட்டியும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. தவிர, ஆரம்ப மீதிக்குள்ளும் பணவீக்கம் வேறு வழியால் நுழைகிறது. அரச ஊழியர்களுக்கு 2022 ஜனவரியில் 5,000 ரூபா படி கிடைத்தது. அதற்குப் பிறகு வாழ்க்கைச் செலவுப் படியில் குறிப்பிடத்தக்க உயர்வு 2024இல்தான் வந்தது. இடையில் விலைகள் எங்கே போயின என்று உங்களுக்குத் தெரியும். அதே நேரம் பெறுமதி சேர் வரி விற்பனை விலையோடு சேர்ந்து தானாக ஏறுகிறது. 8 சதவீதமாக இருந்த அதன் வீதமும் 2022இல் 12 ஆகி, 15 ஆகி, 2024இல் 18 ஆனது. சம்பளம் நிற்க, வரி ஏற, ஆரம்ப மீதி நிமிர்கிறது. அதில் எவ்வளவு கட்டுப்பாட்டால் வந்தது, எவ்வளவு ஆசிரியர்களும் தாதியரும் ஓய்வூதியக்காரரும் விலை உயர்வைத் தங்கள் சமையலறையில் தாங்கியதால் வந்தது? பிரித்துக் காட்டும் வரி ஒன்றும் இல்லை.

வருமானம் எப்போதும் விலையோடு ஏறும் என்றும் நினைக்கக் கூடாது. விலை வேகமாக ஏறும் காலத்தில், வரி விதிக்கப்படும் நாளுக்கும் அது திறைசேரிக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையில் அதன் பெறுமதி கரைகிறது. 1977இல் இதை எழுதிக் காட்டிய பொருளியலாளர் வீற்றோ டான்சி பிற்பாடு நாணய நிதியத்தின் அரசிறைத் திணைக்களத்தையே நடத்தினார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலும், அவருக்கு முன் இதைச் சொன்ன பொருளியலாளர் ஒலிவேராவின் பெயராலும் வழங்குகிறது.

பற்றாக்குறையை எதனால் பிரித்துச் சதவீதமாக்குகிறோமோ, அந்த உற்பத்தியும் விலையோடு வீங்குகிறது. 2022இல் நாட்டின் மெய் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. பெயரளவு உற்பத்தி 17.6 டிரில்லியனிலிருந்து 24 டிரில்லியனுக்கு வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் நீர்ப்பம்பு ஓடாமல் தோட்டங்கள் கருகிய வருடம் அது.

இங்கே விலையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்கி, சவர்க்காரத்தைத் துண்டு போட்டு வாழ்ந்த சனம் நாங்கள். காசைக் காசாக வைத்தால் கரையும் என்று பவுணாக மாற்றி வைத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்ததை அரசாங்கத்தின் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் வேதனை. தனியார் நிறுவனங்களுக்காவது ஒரு விதி உண்டு. மூன்று வருடப் பணவீக்கம் கூட்டாக 100 சதவீதத்தை நெருங்கினால் அல்லது தாண்டினால், சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 29 பழைய எண்களை இன்றைய பெறுமதிக்கு மாற்றி எழுதச் சொல்கிறது. பணமாகக் கடன்பட்டிருந்ததால் வந்த இலாபத்தையும் பணமாக வைத்திருந்ததால் வந்த நட்டத்தையும் தனி வரியில் காட்டச் சொல்கிறது. ஒரு பிஸ்கட் கொம்பனியின் கணக்குக்கு வேண்டியது நாட்டின் கணக்குக்கு வேண்டாமா?

லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் வேறொரு விதத்தைப் பார்க்கிறார்கள். பிரித்தானிய அரசாங்கம் 1981 முதல் விலைச் சுட்டெண்ணோடு பிணைத்த முறிகளை விற்கிறது. 2022இல் அங்கே விலை ஏறியவுடன் அரசின் வட்டிச் செலவு குத்தென ஏறி, மாதா மாதம் செய்தியானது. அதனால் அங்கே பற்றாக்குறை ஊதித் தெரிகிறது, அதுவும் ஒரு கோணல்தான். ஆனால் அந்த முறிகளை வைத்திருக்கும் ஓய்வூதிய நிதியின் முதல் கரையவில்லை. எங்கள் சேமலாப நிதியத்துக்காக அப்படி ஒரு முறியை, சிறிய அளவிலாவது, குழு ஆராய வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. இந்த மடலின் வேண்டுகோள் அதைவிடச் சிறியது.

ரொக்க அடிப்படையிலான பற்றாக்குறையைக் கைவிடச் சொல்லவில்லை. அரசாங்கம் நாளைக்கு எவ்வளவு காசு திரட்ட வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். 2022இல் உண்டியல்களை வாங்க ஆளில்லாமல் மத்திய வங்கியே வாங்கிக் குவித்தபோது, “வட்டியில் பாதி உண்மையில் முதல்தான்” என்ற விளக்கம் யாருக்கும் உதவியிருக்காது. முதல் என்றாலும் அதைத் திரும்பக் கடன் வாங்கியே தீர வேண்டும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதவும் மூடியிருக்கிறது. ஆகவே இருக்கும் எண் இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நிதி உபாயக் கூற்றை வெளியிடுகிறது. அதில் ஒரே ஒரு பக்கம் போதும். வருடத் தொடக்கத்தில் ரூபாக் கடன் எவ்வளவு, அந்த வருடம் விலை எவ்வளவு மாறியது, அதனால் கடனின் பெறுமதி எவ்வளவு தேய்ந்தது அல்லது கூடியது, கொடுத்த வட்டியில் தேய்மானத்துக்கு ஈடு எவ்வளவு, மெய் வட்டி எவ்வளவு, டொலர்க் கடன் நாணய மாற்றால் எவ்வளவு மாறியது. இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய எண்கள் மத்திய வங்கியிடமும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடமும் இன்றே இருக்கின்றன. அதற்குக் கீழே, தேய்மானத்தைத் தாங்கியவர்கள் யார் என்று பிரித்துக் காட்டும் ஒரு நிரல்: சேமலாப நிதியம், வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், மத்திய வங்கி, தனியாட்கள். இந்த நிரல் இல்லாமல் மேலே உள்ள எண்ணை மட்டும் வெளியிடுவதற்கு நான் எதிர்ப்பு. “பணவீக்கத்தைச் சரிசெய்தால் மிகை” என்று யாரும் மேடையில் சொல்வதற்கு முன், அந்த மிகை எவரின் வீட்டிலிருந்து வந்தது என்பது அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்தச் சுட்டெண் என்பதிலும் ஒரு சொல். மத்திய வங்கியின் 5 சதவீத இலக்கு கொழும்புச் சுட்டெண்ணை வைத்தது. 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதத்தைக் காட்டியபோது, ஒன்பது மாகாணங்களையும் சேர்த்துப் பார்க்கும் தேசிய சுட்டெண் 73.7ஐக் காட்டியது. சேமலாப நிதிய உறுப்பினர்கள் நாடு முழுக்க இருப்பதால் தேசிய சுட்டெண்ணே பொருத்தம் என்று நினைக்கிறேன். இரண்டையும் வைத்துப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

2023இல் உருவான சட்டத்தின்படி பாராளுமன்றத்துக்கென்று ஒரு வரவு செலவுத் திட்ட அலுவலகம் வந்திருக்கிறது. நிதி அமைச்சு தயங்கினால் அந்த அலுவலகத்திடம் கேளுங்கள். 2021 முதல் ஒவ்வொரு வருடத்துக்கும் பின்னோக்கிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படுவதற்கு முன்பே அது சபையில் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.

அந்தப் பக்கம் வெளிவரும்போது மூன்று மொழிகளிலும் வரவேண்டும். தமிழ்ப் பிரதி ஒன்றை எங்கள் வாசிகசாலைக்கு அனுப்பி வையுங்கள். ஆச்சி இன்னும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். கூரையில் அரைவாசிக்குப் புது ஓடு, மீதிக்குப் பழைய தகரம். அவர் கேட்டதற்கு நான் அன்றைக்கு, “கணக்குப் பார்த்துச் சொல்லுறன் ஆச்சி” என்று மட்டும்தான் சொன்னேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கீட்டு ஆசிரியை,
யாழ்ப்பாணம்.